கிரைண்டரும் ஒரு பழைய தவணையும்

ஓடிப்போகிற எண்ணம் உள்ளவன் கிரைண்டர் வாங்கமாட்டான். நான் வாங்கினேன். ஐந்து லிட்டர் மாவு பிடிக்கிறது, சாய்த்து வழிக்கிற வகை. ஒரகடம் கூட்டு ரோட்டுக் கடையிலிருந்து அதை ஷேர் ஆட்டோவில் ஏற்ற என்னோடு இன்னொரு ஆளும் தேவைப்பட்டார். ரூமில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாக, தனியாகத் தூக்க முடியாத ஒரு பொருள் எனக்குச் சொந்தமாகியிருந்தது.

அதற்கு முன்னால் என்னுடையது எல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கியது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திருப்பூருக்குப் போனேன். அப்புறம் பெங்களூரில் கட்டட வேலை, எர்ணாகுளத்தில் ஓட்டல் வேலை, குஜராத்தில் டைல்ஸ் கம்பெனி, நடுநடுவே இன்னும் பல ஊர்கள். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. நான் சொல்வதற்கு முன்பே கண்டக்டர் என் நிறுத்தத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். ஏதாவது தகராறு, கடன், மேஸ்திரியோடு சண்டை என்று வந்துவிட்டால் இன்னும் வசதி. சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு ரயில் ஏறிவிடலாம்.

இந்தப் பக்கம் வந்தது இரண்டாவது முறை. ஒரகடத்தில் ஒரு பெரிய கிடங்கில் டோ டிரக் ஓட்டுகிறேன். பின்னால் நான்கைந்து தள்ளுவண்டிகளைக் கோத்துக்கொண்டு, லைனுக்கு வேண்டிய சாமான்களைக் கொண்டுபோய் விடுகிற சின்ன வண்டி. காலை ஷிப்ட் என்றால் மூன்றரைக்கு ரூமில் இருப்பேன். ரூம் என்பது, கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊரில், ஒரு கேட்டுக்குள் எதிரெதிராக நான்கும் நான்குமாகக் கட்டிய எட்டில் ஒன்று. தெற்கத்திப் பையன்கள் நிறையப் பேர் இருக்கிற ஊர் அது. கடையில் வாங்கும் பாக்கெட் மாவு புளிக்கிறது, தோசை தோசையாக இல்லை என்று பஸ்ஸில் தினமும் ஒப்பாரி வைப்பார்கள். நான் அரைத்துக் கொடுக்கிறேன் என்றேன். மூன்று மாதத்தில் இருபத்திரண்டு ரூமுக்கு மாவு போனது. ஷிப்ட் முடிந்து வந்து கிரைண்டரைப் போட்டு, கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகச் சுற்றுகிறவன் நான்தான்.

ஹவுஸ் ஓனர் அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். உள்ளூர்க் குடும்பம். நிலத்தின் ஒரு பகுதி கம்பெனிக்குப் போன காசில் இந்த ரூம்களைக் கட்டினார்கள். அவர் வீட்டுக்காரர் ஒரு குடோனில் செக்யூரிட்டி. அட்வான்ஸ் வாங்கிய அன்றே அக்கா விரலை மடக்கி மூன்று சட்டம் சொன்னார்.

“சொவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. மாடில குடிக்கக் கூடாது. கேட்டாண்ட எவனும் வசூலுக்கு வந்து நிக்கக் கூடாது. நின்னான், அந்த மாசமே காலி. நான் ஒருவாட்டிதான் சொல்வேன்.”

முதல் இரண்டையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது என்னைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

ஆனால் என்னைப் பற்றியதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேர் தங்கிய லாட்ஜ் ரூமில் இருந்துகொண்டு, கார் சீட் தைக்கிற கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தேன். அப்போது தவணையில் ஒரு போன் வாங்கினேன். பத்துத் தவணை, மாதம் ஆயிரத்து அறுநூறு. நல்ல போன். நான்கு தவணை ஒழுங்காகக் கட்டினேன். காண்ட்ராக்ட் முடிந்து குஜராத் போன இடத்தில், டைல்ஸ் மண்ணைக் கரைக்கிற தொட்டிக்குள் போன் விழுந்துவிட்டது. செத்துப்போன போனுக்கு எதற்குத் தவணை என்று நிறுத்திவிட்டேன். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, சிம்மும் போய்விட்டது. என் மனதில் கடனும் அந்தத் தொட்டியோடு கரைந்துவிட்டது.

முகவரி இல்லாத ஆளைக் கடன் தேடிப் பிடிக்க முடியாது. மாவு வேலைக்காக என் பெயரில் போன் நம்பர், சமையல் கேஸ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றிலும் இந்த வீட்டுக் கதவு எண். நான்காவது மாதம் போன் வர ஆரம்பித்தது. எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது. முதலில் ஒரு பெண், “சார், நல்லா இருக்கீங்களா?” என்று சொந்தக்காரர் மாதிரி கேட்டாள். அடுத்த நாள் ஓர் ஆண் குரல். “போன் வாங்கத் தெரிஞ்சுதுல்ல, துட்டு கட்டத் தெரியாதா?” என்று தொடங்கி என் பரம்பரை வரைக்கும் போனான். இவர்கள் பழைய கம்பெனிக்காரர்களே இல்லையாம், அவர்களிடமிருந்து கடனை வாங்கிக்கொண்ட வேறு ஒரு கம்பெனியாம். ஒன்பதாயிரத்து அறுநூறு பாக்கி, வட்டியும் அபராதமுமாக முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது.

போனை அணைத்துப் போட்டேன். மாவு கேட்டு அழைத்தவர்களுக்கும் சேர்த்து அணைந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தபோது, ஹவுஸ் ஓனர் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆனால் அவர் கத்திக்கொண்டிருந்தது என்னைப் பார்த்து அல்ல, பக்கத்து ரூம்காரரைப் பார்த்து.

அவரும் என்னைப் போலத் தெற்கத்திக்காரர்தான். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது குலசாமியின் பெயரை வைத்துவிடுவார்கள். ஒரு தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்புவார்கள். எனக்கும் அவருக்கும் அந்த ஒரே பெயர். எங்கள் எட்டு ரூம் லைனில் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் ‘கைக்குழந்தைக்காரர்’, நான் ‘மாவுக்காரர்’. அவருக்கு முப்பது வயது. மனைவி, எட்டு மாதக் குழந்தை. அந்த வாரம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கிக்கொண்டிருந்தவரை வசூல்காரன் எழுப்பியிருக்கிறான்.

நடந்தது இதுதான். அவன் கையில் ஒரு பெயர், ஒரு கதவு எண், ஒரு போட்டோ. எட்டு ரூமுக்கும் கதவு எண் ஒன்றே. கரண்டு பில்லில் இருக்கிற அந்த ஓர் எண்ணைத்தான் நாங்கள் எல்லோரும் எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்திருந்தோம். பெயரைச் சொல்லிக் கேட்டதும் எதிர் ரூம் பையன் கைக்குழந்தைக்காரரின் கதவைக் காட்டிவிட்டான். போட்டோ நான் தவணை எழுதிக் கொடுத்தபோது கடையில் எடுத்தது. அதில் நான் ஒல்லி, தலை நிறைய முடி, மீசை. இப்போது எனக்கு முன்தலையில் எதுவும் இல்லை, தொப்பை இருக்கிறது. கைக்குழந்தைக்காரரோ ஒல்லி, தலை நிறைய முடி, மீசை.

“நான் இல்லைன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கான் அக்கா!” என்று அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கம் கலையாத கண் சிவந்திருந்தது. “நான் அந்தக் கடை வாசலையே மிதிச்சதில்ல.”

“போட்டோவ நான் பாத்தன்பா. உன்ன மாதிரியே கீது. அர மணி நேரம் கேட்டாண்ட நின்னுகினு கத்திட்டுப் போறான், எதிர்வூட்டுக்காரி சேர் போட்டு உக்காந்து பாக்குறா. ஒண்ணாந்தேதி ரூம் காலி. அவ்ளோதான்.”

“கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு எங்கக்கா போவேன்?”

“அத்த போன் வாங்கறப்ப யோசிச்சிருக்கணும்.”

நான் அவர்களைத் தாண்டி என் ரூமுக்குள் போனேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

உள்ளே அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். பழைய வழக்கம், எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று கண் தானாகப் பார்க்கும். தோள்பை ஆணி இல்லாத சுவரோரம் தரையில் கிடந்தது. கேஸ் சிலிண்டர், கட்டில், இரண்டு அரிசி டப்பா, மாவு அளக்கிற எவர்சில்வர் படி. அப்புறம் கிரைண்டர். பையோடு போவதென்றால் இருட்டுவதற்குள் தாம்பரம் போய் ஏதாவது ஒரு ரயிலைப் பிடித்துவிடலாம். ஆனால் கிரைண்டரைத் தூக்க இன்னொருவர் வேண்டும், எதிர் ரூம் பையனும் ஷிப்டுக்குப் போய்விட்டதால் அந்த நேரம் லைனில் விழித்திருந்த ஒரே ஆம்பிளை கைக்குழந்தைக்காரர். அவரையே கூப்பிட்டு, “தம்பி, ஒரு கை பிடிங்க, நான் ஓடிப்போகணும்” என்று கேட்பதை நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அரிசியைப் போட்டுக் கிரைண்டரை ஓடவிட்டேன். பாதியில் எதற்கோ நிறுத்தினேன். சத்தம் நின்றதும் பக்கத்து ரூம் பேச்சு கேட்டது. ஹாலோ பிளாக் சுவர், மூச்சு விட்டாலே கேட்கும். அவர் மனைவி கேட்டாள், சண்டை போடுகிற குரலில் அல்ல, சாதாரணமாக:

“நெசமாவே நீங்க வாங்கலையா? வாங்கிருந்தா சொல்லிருங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“ஏட்டி, நீயுமா?”

“போட்டோவைப் பாத்தேன்லா.”

குழந்தை அழுதது.

நான் கை கழுவிவிட்டுப் போய் அவர்கள் கதவைத் தட்டினேன். நல்லவன் என்பதால் அல்ல. அந்தக் கேள்வியைச் சுவர் வழியாகத் தினமும் கேட்டுக்கொண்டு என்னால் மாவு அரைத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

“தம்பி, அந்தப் போட்டோல இருக்கது நான்தான்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் மண்டையைப் பார்த்தார். அவர் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

“அண்ணாச்சி, உங்களுக்கா அம்புட்டு முடி இருந்துச்சு?”

“குஜராத் தண்ணியில போச்சும்மா.”

“அப்ப நீங்க அத்தனை நேரம் உள்ள உக்காந்து மாவா ஆட்டிக்கிட்டிருந்திய?” என்றார் அவர். “வெளிய என்னை உரிச்சுக்கிட்டு இருக்காவ, நீங்க இட்லிக்குப் போட்டுட்டு இருந்திய!”

“தோசைக்கு” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்த வேகத்தில் அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனைவி குழந்தையைத் தூக்கி அவர் கையில் திணித்துவிட்டாள். குழந்தையோடு நிற்கிறவர் அடிக்க முடியாது. எட்டு வார்த்தை திட்டினார். எல்லாம் எங்கள் ஊர் வசவு, ரொம்ப நாளைக்குப் பிறகு காதில் விழுந்தது. நின்று கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் இருவரும் பின்னால் வர, ஹவுஸ் ஓனர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டியில் போன் விழுந்தது உட்பட. ஒண்ணாம் தேதி நான் காலி செய்துகொள்கிறேன், இவர் இருக்கட்டும் என்றும் சொன்னேன். சொல்லும்போது கிரைண்டரை யாரிடம் விற்பது என்று ஒரு பக்கம் யோசனை ஓடியது.

அக்கா கீரையை வைத்துவிட்டுக் கைக்குழந்தைக்காரரைப் பார்த்தார். “நீ இல்லியா அது?”

“அதைத்தானக்கா மத்தியானத்துல இருந்து சொல்லுதேன்.”

“சர்தான் வுடு. ஊர்ல எல்லாருக்கும் ஒரே பேரா வெச்சா நான் இன்னா பண்றது.” அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா, காலி பண்றியா? பண்ணிட்டு?”

“வேற ஊரு.”

“அங்க கேட்டு இருக்காதா? அங்க வரமாட்டானா?”

ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீஸ் எதிரில் டைப் அடிக்கிற ஒருவரிடம் போன வாரம் விசாரித்திருந்தேன். அவர் சொன்னதைச் சொன்னேன். கட்டுவதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, கேஸ் போட்டு வாங்குகிற காலம் கடந்துவிட்டது, அவர்கள் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள், நான் எதிலும் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

“கோர்ட்டுக்கு வரமாட்டான், சரி. என் கேட்டுக்கு வருவானா, மாட்டானா?”

“வருவான்.”

“அப்ப எனக்கு இன்னா லாபம் உன் சட்டத்துல?” கீரைக் காம்பால் என்னைச் சுட்டினார். “போன் பேசினியா அதுல?”

“பேசினேன்.”

“படம் பாத்தியா?”

“நிறைய.”

“அப்ப கட்டு. அவன் சொல்ற துட்ட கட்டாத. உன் துட்ட கட்டு. இன்னொரு தபா அவன் வந்தா கேட்டாண்ட நிக்கவுடாத, என் வூட்டுக்குள்ள இட்டுகினு வா. தெருவுல நின்னாத்தான் அது வசூலு. உள்ள வந்து சேர்ல உக்காந்தா எவனும் நம்ம வூட்டுக்கு வந்த ஆளுதான். நான் பேசறேன்.”

ரூம் காலியா இல்லையா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேச்சு முடிந்த பிறகுதான் தெரியும் என்று புரிந்தது.

அன்றைக்கே போனைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச்சொல்லி நானே அந்தக் கம்பெனிக்குச் சொன்னேன். எதிர்முனையில் என் பெயரையும் நேரத்தையும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள். கடன்காரன் தானாகக் கூப்பிட்டு வரச்சொல்வது அவர்களுக்குப் பழக்கம் இல்லைபோல.

வந்தவன் வியாழக்கிழமை வந்த அதே வசூல்காரன், இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பையன். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் முழுக்க வேர்வை. போனில் என் பரம்பரையைத் திட்டியவன் இவன் இல்லை. அது ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள், இவன் வெயிலில் அலைகிறவன். கேட்டில் நின்று குரலை உயர்த்தத் தயாராக மூச்சை இழுத்தான். அதற்குள் அக்கா வந்து, “வாப்பா, உள்ள வா, வெய்யில்ல நிக்காத” என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிறபடி சொன்னார். இழுத்த மூச்சோடு உள்ளே வந்தான்.

மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா ஒன்றில், அவன் ஒன்றில், நான் ஒன்றில். கைக்குழந்தைக்காரரும் மனைவியும் வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. பையன் போட்டோவை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

“ஜி, இது நீங்களா? சும்மா சொல்லாதீங்க ஜி.”

“மூக்கப் பாருப்பா” என்றார் அக்கா. “மூக்கு மாறல.”

கைக்குழந்தைக்காரரின் மனைவி, “இப்பவே புதுசா ஒரு போட்டோ எடுத்து அதுல போட்டுக்கிடுங்க. அடுத்தாப்புல வாரவன் மறுபடி எங்க வீட்டுக்காரரைப் பிடிக்கவா?” என்றாள். அவன் நிஜமாகவே என்னைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

அக்கா அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டார். கம்பெனி அவனை அனுப்பிய கடிதத்தைக் கேட்டார். அவன் போனில் காட்டினான். அக்கா அதை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து முழுசாகப் படித்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரே சொன்னார்.

“எங்க வூட்டுக்காரு கம்பெனி டிரிப்பு ஓட்டறேன்னு லோன்ல காரு எடுத்தாரு. ட்யூ நின்னுபோச்சு. உன்ன மாதிரிதான் ஒரு புள்ள. டெய்லி கேட்டாண்ட நிப்பான், தெருவே பாக்கும். மானம் போவுதேன்னு பதினஞ்சாயிரம் அவன் கையில குடுத்தேன். துண்டுப் பேப்பர் வாங்கல. அடுத்த வாரம் வேற எவனோ வந்து காரத் தூக்கினு போயிட்டான். பதினஞ்சாயிரம் இன்னாச்சின்னு கேட்டா, எந்தப் பதினஞ்சாயிரம்ன்றான்.” அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “நீ அந்த மாதிரி புள்ள இல்ல. ஆனா உன் கையில ஒத்த ரூபா குடுக்கமாட்டோம். கம்பெனி லெட்டர் மொதல்ல, துட்டு அப்பால.”

“அக்கா, எனக்கு மாசக் கடைசி, டார்கெட் கீதுக்கா. மேனேஜர் என்னைக் கழுவி ஊத்துறாரு. இருபத்தஞ்சாயிரம் கட்டச் சொல்லுங்க, இப்பவே முடிச்சிரலாம்.”

“ஒம்பதாயிரத்து அறுநூறு பாக்கி” என்றேன் நான். “அதைத் தாரேன்.”

“அது ஏழு வருசத்துக்கு முன்னாடி ஜி! அன்னிக்கு டீ எவ்ளோ, இன்னிக்கு எவ்ளோ?”

“போன் அன்னிக்கு எவ்ளோ, இன்னிக்கு எவ்ளோ?” என்றார் அக்கா. “அந்தப் போன எடைக்குப் போட்டா எவன் வாங்குவான்?”

அவன் மேனேஜரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். மேனேஜர் கத்தினார். அக்கா தன் வீட்டுக் கூடத்தில் ஒருவர் கத்துவதைப் பொறுத்துக்கொள்கிற ஆள் இல்லை. “ஹலோ, பொம்பளைங்க கீற எடம், மெதுவா பேசு” என்றார். மேனேஜர் மெதுவாகப் பேசினார். நான் டைப் அடிக்கிறவர் சொன்னதையும் ஒரு வரி போட்டுவைத்தேன். காலம் கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், இருந்தும் கட்டுகிறேன் என்றேன். அங்கே ஏதோ தட்டச்சுச் சத்தம் கேட்டது. இருபத்தைந்து பதினெட்டாகி, பதினைந்தாகி, பன்னிரண்டில் நின்றது. இரண்டு தவணை, ஆறும் ஆறும். முதலில் கடிதம், பிறகு பணம், அதுவும் கம்பெனி கணக்குக்கே.

எல்லாம் முடிந்ததும் பையன் தண்ணீர் கேட்டான். அக்கா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அவன் போன பிறகு, ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கைக்குழந்தைக்காரரின் மனைவி சொன்னாள்.

“டீ குடுத்தா வாரா வாரம் வருவான்” என்றார் அக்கா.

அப்போதும் நான் ரூமைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார். கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த மீதி டப்பா ஒன்று மாடிப்படிக்குக் கீழே இருந்தது. எட்டு ரூம் கதவிலும் நம்பர் எழுதவேண்டும், இனிமேல் யார் எதில் எழுதிக் கொடுத்தாலும் கதவு எண்ணோடு ரூம் நம்பரையும் சேர்த்து எழுதவேண்டும்.

“உன்னாலதான இத்தினி கலாட்டா. நீயே எழுது. கோணலா எழுதின, அப்பால பாரு.”

காலி செய்யப்போகிறவனை யாரும் கதவில் நம்பர் எழுதச் சொல்லமாட்டார்கள். அன்று மாலையே எழுதினேன். எட்டில் மூன்று கோணல். என்னுடையது நான்கு, கைக்குழந்தைக்காரருடையது மூன்று. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று, “அண்ணாச்சி, மூணை நல்லா பெருசா எழுதுங்க, தூரத்துல இருந்தே தெரியணும்” என்றார். முழுசாகச் சமாதானம் ஆகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். இரண்டு மாதத்துக்கு அவர் வீட்டுக்கு மாவு இலவசம் என்று சொல்லியிருந்தேன், அந்த இரண்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் வாங்கிக்கொண்டார்.

கடிதம் செவ்வாய்க்கிழமை மெயிலில் வந்தது. கூட்டு ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அக்காவிடம் காட்டிவிட்டு முதல் ஆறாயிரத்தைக் கட்டினேன். அடுத்த மாதம் மீதி. மாவுக் காசு சரியாக இருந்தது. பிறகு, கணக்கு முடிந்தது என்கிற கடைசிக் கடிதம் வரவேண்டும். அது வரவில்லை. ஒரு வாரம், மூன்று வாரம், ஐந்து வாரம். அக்கா கேட் பக்கம் போகும்போதெல்லாம், “வந்துச்சா?” என்பார். இல்லை என்றால், “பதினஞ்சாயிரம் கதைதான் போல” என்று சொல்லிவிட்டுப் போவார். நடுவில் வேறொரு கம்பெனிப் பெண் அதே கடனுக்காக என்னை அழைத்தாள். முதல் கடிதத்தில் இருந்த எண்ணையும், பணம் கட்டிய இரண்டு தேதிகளையும் வாசித்துக் காட்டினேன். “சாரி சார்” என்று வைத்துவிட்டாள். போனை அணைத்துப் போடாமல் நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. மாவை வழித்துக்கொண்டேதான் பேசினேன்.

ஆறாவது வாரம் போஸ்ட்மேன் வந்தார். உறையில் என் பெயர், அதன் கீழே கதவு எண், பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் நான்கு. நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எனக்கு வந்த தபால்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அவற்றில் எதுவும் நேராக என் கதவுக்கு வந்ததில்லை, எல்லாம் ‘மேற்பார்வை’ என்று யாராவது ஒருவர் பெயர் போட்டு வந்தவை. கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. முழுத் தொகை என்று எழுதாமல், பேசி முடித்த தொகை என்று எழுதியிருந்தார்கள். அதனால் இனிமேல் எனக்கு யாரும் சுலபமாகக் கடன் கொடுக்கமாட்டார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் விளக்கினார். அது ஒரு வசதி என்றே எனக்குப் பட்டது. அதற்கு லேமினேஷன் போட்டேன்.

வசூல் பையன் இப்போதும் இந்தப் பக்கம் வேறு யாரையோ தேடி வருகிறான். வந்தால் என்னிடம் ஒரு கிலோ மாவு வாங்கிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறான். காசு கொடுத்துத்தான். கடன் சொன்னால் கொடுக்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். கண்டக்டர் நான் சொல்லும் முன்பே டிக்கெட் கிழிக்கிறார். கால் கொஞ்சம் அரிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கிரைண்டர் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொள்கிறேன்.

லேமினேஷன் போட்ட அன்றைக்கே கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹவுஸ் ஓனர் அக்காவிடம் போயிருந்தேன். அவர் அதையும் எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார். முத்திரையை விரலால் தடவினார். “வந்துடுச்சில்ல” என்றார். அந்தப் பதினைந்தாயிரம் அப்போது அவர் முகத்தில் ஒரு நிமிஷம் தெரிந்தது. பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“யக்கா, இதைச் சுவத்துல மாட்டிக்கிடட்டுமா? ஒரேயொரு ஆணி” என்று கேட்டேன்.

“ஆணி அடிச்ச, ஒண்ணாந்தேதி காலி.”

கொண்டுவந்து அரிசி டப்பாவுக்குள், அரிசிக்கு அடியில் வைத்தேன். வாரத்தில் ஒரு நாள் அரிசி தீரும்போது அது கண்ணில் படுகிறது.